நான் ரெடி!

ஆபீஸில் யாராவது "எங்கேயாவது போகணும் சார்" என்று பெருமூச்சு விட்டால், உடனே எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விடுங்கள். ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் உங்களை ஒரு டூர் கமிட்டியில் சேர்த்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது.

2024 டிசம்பர் கடைசி வாரம். மறு வருஷத்துக் காலண்டர் வந்திருந்தது. புதுக் காலண்டர் வந்தால் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள். ஆபீஸ்காரன் சிவப்பு எழுத்தைப் பார்ப்பான். எங்கள் செக்ஷனில் பன்னிரண்டு தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் கூவினார்.

"சார்! ஏப்ரல் 12 செகண்ட் சாட்டர்டே. 13 ஞாயிறு. 14 திங்கள், வருஷப்பிறப்பு. ஒரு நாள்கூட லீவு போடாம மூணு நாள்!"

இவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'எக்செல்'. டீ செலவைக்கூட கட்டம் போட்டுத்தான் எழுதுவார்.

"மூணு நாள்ல ஏற்காடு போகலாம்" என்றேன் நான். என் கற்பனை அவ்வளவுதான்.

"ஏற்காடா? சாங்க்ரான் போகலாம் சார்" என்றார் 'யூட்யூப்'. எந்த விஷயமானாலும் அதைப்பற்றி ஒரு வீடியோ பார்த்திருப்பார். போன மாதம் எனக்கு முதுகு வலி வந்தபோது, டாக்டர் சொல்லாத நாலு விஷயத்தை இவர்தான் சொன்னார்.

"சாங்க்ரான்னா என்ன? ஊரா?"

"திருவிழா சார். தாய்லாந்து வருஷப்பிறப்பு. ஏப்ரல் 13, 14, 15. ஊர் முழுக்கத் தண்ணி. ரோட்டுல போறவன் வர்றவன் மேல எல்லாம் துப்பாக்கியால தண்ணி அடிப்பாங்க. போலீஸ்காரன் மேலயும் அடிக்கலாம்!"

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. பதினொரு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்:

"நான் ரெடி!"

* * *

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப் பிறந்தது. பெயர் வைப்பதில் மட்டும் இரண்டு நாள் போயிற்று. ஒருவர் 'பாங்காக் பாய்ஸ்' என்றார். "வீட்ல பார்த்தா தொலைஞ்சோம்" என்று கல்யாணமானவர்கள் அலறியதில், கடைசியில் 'ஏப்ரல் டிரெய்னிங்' என்று முடிவாயிற்று.

பாங்காக் என்ற பெயருக்கே நம் ஊரில் ஒரு சிரிப்பு உண்டு. "பாங்காக் போறேன்" என்று சொன்னால் எதிராளி உதட்டோரமாகச் சிரித்துவிட்டு "ம்ம்... ஜமாய்ங்க!" என்பார். கோயில் பார்க்கப் போகிறேன் என்றால் இன்னும் பலமாகச் சிரிப்பார்.

ஆனால் சாங்க்ரான் நமக்கு அந்நியமே இல்லை. நம் 'சங்கராந்தி'தான் அங்கே போய் சாங்க்ரான் ஆகியிருக்கிறது. சூரியன் மேஷ ராசிக்குள் நுழைகிற நாள். அதாவது நம் சித்திரை ஒன்று. பர்மா, லாவோஸ், கம்போடியா, இலங்கை எல்லாவற்றிலும் அதே சமயத்தில்தான் வருஷம் பிறக்கிறது. தாய்லாந்து அரசாங்கம் 1889-ல் ஏப்ரல் முதல் தேதியை வருஷப்பிறப்பாக்கியது. 1941-ல் அதை ஜனவரிக்கு மாற்றியது. ஜனங்கள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, ஏப்ரல் நடுவில் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் விடவே இல்லை. 2023 டிசம்பரில் யுனெஸ்கோவும் அதைத் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இந்தப் பண்டிகைக்கு அவர்கள் சொல்லும் கதையும் பரிச்சயமான வாசனைதான். கபில பிரம்மா ஒரு புத்திசாலிப் பையனிடம் விடுகதை போட்டாராம். "மனுஷனின் லட்சுமி காலையில் எங்கே இருக்கிறாள், மத்தியானம் எங்கே, ராத்திரி எங்கே? ஏழு நாளில் சொல். தெரியாவிட்டால் உன் தலை. சொல்லிவிட்டால் என் தலை." பையன் மரத்தடியில் படுத்திருந்தபோது மேலே கழுகுகள் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டு விடை சொல்லிவிட்டான். காலையில் முகத்தில், அதனால் முகம் கழுவுகிறோம். மத்தியானம் மார்பில், அதனால் வாசனை பூசுகிறோம். ராத்திரி காலில், அதனால் கால் கழுவுகிறோம். தோற்றுப்போன பிரம்மாவின் தலை தரையில் விழுந்தால் உலகமே எரிந்துவிடும். ஆகவே அவருடைய ஏழு பெண்களும் வருஷத்துக்கு ஒருத்தியாக அப்பாவின் தலையை எடுத்துக்கொண்டு ஊர்வலம் வருகிறார்களாம்.

"அதாவது, அப்பா தலையைப் பொண்ணுங்க கீழே விழாம பார்த்துக்கறாங்க" என்றார் எக்செல்.

அப்போது எல்லோரும் சிரித்தோம். எனக்கு அது உறைத்தது பிறகுதான்.

* * *

டூர் என்பது விமானத்தில் தொடங்குவதில்லை. பணம் கேட்கும்போது தொடங்குகிறது.

விசா கவலை இல்லை. இந்தியர்களுக்குத் தாய்லாந்து 2023 நவம்பரில் விசாவை விலக்கி, 2024 ஜூலையில் அதை 60 நாளாகவும் நீட்டியிருந்தது. (இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை. 2025 மே முதல் தேதியிலிருந்து, போவதற்கு முன்பே இன்டர்நெட்டில் ஒரு வருகை அட்டையும் பூர்த்தி செய்ய வேண்டும் என்று வந்துவிட்டது. நீங்கள் போவதாக இருந்தால் டிக்கெட் வாங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு பாட் என்பது அப்போது சுமார் இரண்டரை ரூபாய். ஏஜெண்டிடம் மொத்த பாக்கேஜாக வாங்கினால் அப்போதைய விதிப்படி 5 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பது வரை எக்செல் கட்டம் போட்டு விளக்கினார்.

"ஆளுக்கு 10,000 அட்வான்ஸ். வெள்ளிக்கிழமைக்குள்ளே."

இந்த ஒரு வரிக்குப் பிறகு குரூப்பில் ஐந்து நாள் மயான அமைதி. அதுவரை நிமிஷத்துக்கு ஒரு தண்ணீர்த் துப்பாக்கிப் படம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், குட்மார்னிங்கூடப் போடவில்லை.

ஆறாம் நாள் ஒவ்வொருவராகத் தலையைக் காட்டினார்கள். ஒருவர், "வீட்ல கேட்டுச் சொல்றேன்." இன்னொருவர், "மச்சினிக்கு நிச்சயதார்த்தம் வர்ற மாதிரி இருக்கு." (மச்சினி அப்போது பிளஸ் டூ.) புதுசாகக் கல்யாணமானவர் "ரெண்டு பேரா வரலாமா?" என்று கேட்டார். மற்றவர்கள் கூடாது என்றதும் "அப்போ ஒரு ஆளும் வரலை" என்றார். முதன்முதலில், எல்லோரையும்விட உரக்க 'நான் ரெடி' என்று கூவியவர் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டார். அது சம்மதமா, வழியனுப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

இதிலிருந்து நான் கண்டுபிடித்த சூத்திரத்தை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். எத்தனை பேர் 'நான் ரெடி' என்கிறார்களோ, அதை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கு மட்டும் ரூம் போடுங்கள். ஒரு நண்பனுக்கு 'முடியாது' என்று சொல்ல நமக்கு வாய் வராது. 'பார்க்கலாம்' என்போம். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது கேட்கிறவனுக்கும் தெரியும். இருந்தாலும் அவனுக்கும் சேர்த்து ஸீட் எண்ணுவான். வந்துவிடமாட்டானா என்ற நப்பாசைதான்.

அட்வான்ஸ் கொடுத்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவருடைய பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறது. "அதான் ஏப்ரல்லயே வந்துடறோமே?" என்று கேட்டார் அப்பாவியாக. போகிற தேதியிலிருந்து ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும் சார், பாஸ்போர்ட்டுக்கு! தத்கலில் 3,500 ரூபாய் கட்டி, சாலிகிராமத்துக்கு இரண்டு நடை நடந்து புதுப்பித்தார்.

டிக்கெட் வாங்கும்போது இன்னொரு சங்கடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். அந்த ஒற்றை எழுத்து பாஸ்போர்ட்டில் விரிந்து அப்பாவின் முழுப் பெயராகி, 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறது. விமான டிக்கெட்டில் முதலில் வருவது அதுதான். என் டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் என் அப்பா பெயர். அதற்குப் பிறகு, போனால் போகிறது என்று, என் பெயர்.

"உங்க அப்பா வர்றாரா சார்?" என்றார் யூட்யூப்.

அந்த அப்பாவிடம்தான் நான் இன்னும் விஷயத்தைச் சொல்லவே இல்லை.

* * *

அப்பாவுக்கு 78 வயது. கும்பகோணத்தில் இருக்கிறார். அம்மா போனதிலிருந்து தனியாகத்தான். சென்னைக்கு வாருங்கள் என்றால், "அங்கே காத்தும் இல்லை, காவேரியும் இல்லை" என்பார். காவேரியில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் அதையேதான் சொல்வார்.

ஒவ்வொரு சித்திரை ஒன்றாம் தேதியும் நான் குடும்பத்தோடு அங்கே ஆஜராக வேண்டும். வேப்பம்பூப் பச்சடி, போளி, பிறகு பஞ்சாங்கம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவர் ராசிக்கும் வரவு செலவு வாசிப்பார். எனக்கு வரவு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். "பஞ்சாங்கம் பொய் சொல்லாதுடா" என்பார் திருப்தியாக.

மனைவியிடம் பர்மிஷன் வாங்குவது நான் பயந்த மாதிரி கஷ்டமாக இல்லை. "தாராளமா போயிட்டு வாங்க. நானும் பையனும் வழக்கம் போலக் கும்பகோணம் போயிக்கறோம். ஆனா உங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

போனை எடுத்தேன். "அப்பா, இந்தத் தடவை வருஷப்பிறப்புக்கு..." என்றதும், "புது வருஷம் விசுவாவசு. ரெண்டு பஞ்சாங்கம் வாங்கி வெச்சிருக்கேன், ஒண்ணு உனக்கு" என்றார்.

நாற்பத்தாறு வயது. செக்ஷனில் பதினெட்டு பேரை மேய்க்கிறவன். ஆனால் அந்த நிமிஷத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஆடிட் இருக்குப்பா. மூணு நாள். ஆபீஸை விட்டு நகர முடியாது."

"வருஷப்பிறப்பு அன்னிக்கா?"

"சென்ட்ரல் ஆடிட்ப்பா. அவங்களுக்கு வருஷப்பிறப்பு கிடையாது."

ஒரு விநாடி மௌனம். "சரிப்பா. வேலைதான் முக்கியம்" என்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

* * *

மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பா திறக்கும் நேரம். யூட்யூப் ஓடிவந்தார். "சார், பர்மாவில பூகம்பம்! 7.7! பாங்காக் வரைக்கும் ஆடியிருக்கு!"

மாண்டலே அருகே மையம். அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக் கட்டடம் ஒன்று சீட்டுக்கட்டு மாதிரி சரிந்துவிட்டது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளிகள். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு டப்பாவைத் திறக்கத் தோன்றவில்லை. யாருடைய மூன்று நாள் லீவோ நமக்குப் பெரிய கவலையாக இருக்கும்போது, யாரோ வெயிலில் சிமென்ட் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

போகலாமா, வேண்டாமா? குரூப்பில் விடிய விடிய விவாதம். திருவிழா உண்டு என்று அங்கிருந்து தகவல் வந்தது. டிக்கெட் பணம் திரும்பாது என்று இங்கிருந்து தகவல் வந்தது. முந்தியதைவிடப் பிந்தியதுதான் எங்களைத் தைரியசாலிகளாக்கியது. அப்படியும் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள்.

மீதி நான்கு. பதினொன்றை மூன்றால் வகுத்துப் பாருங்கள். சூத்திரம் பொய்க்காது!

* * *

ஏப்ரல் 11 ராத்திரி கிளம்பினோம். மூன்றரை மணி நேரப் பயணம். கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போவதைவிடக் குறைவு என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. போடாதே என்று அதட்டினேன்.

பாங்காக் விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. அங்கே இறங்கியதிலிருந்து நான் நான் இல்லை, என் அப்பா! இமிக்ரேஷன் அதிகாரி அப்பா பெயரைச் சொல்லி நிமிர்ந்து பார்த்தார். ஹோட்டலில் அப்பா பெயருக்குத்தான் அறை. வரவேற்பில் இருந்த பெண் கைகூப்பி, அப்பா பெயருக்கு முன்னால் 'குன்' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டாள். நம் 'திரு' மாதிரி. பள்ளிக்கூடத்தில் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவனுடைய சட்டைப் பையைக் கிழித்திருக்கிறேன். இங்கே மூன்று நாளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன்.

ஹோட்டல் சீலோம் சாலைப் பக்கத்துச் சந்தில். சாங்க்ரான் என்றால் சீலோம்தான். கவ்சான் சாலை இன்னொன்று. பதின்மூன்றாம் தேதி மத்தியானம் சாலையில் கால் வைத்தோம். நூறடி நடப்பதற்குள் பனியன்வரை நனைந்துவிட்டது. ஐஸ் கலந்த தண்ணீரை முதுகில் விட்டார்கள். எக்செல் 'அம்மா' என்று போட்ட சத்தம் ஏற்காடு வரை கேட்டிருக்கும். வெள்ளைச் சுண்ண மாவைக் குழைத்துக் கன்னத்தில் தடவிவிட்டுக் கும்பிடுகிறார்கள். கோபம் வருவதே இல்லை. மேனேஜர், ப்யூன், டாக்டர், டாக்ஸிக்காரர் யாராயிருந்தாலும் நனைந்தபின் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை: செல்போனுக்குக் கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பை தெருவிலேயே கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள். பிட்சுக்கள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் மேல் அடிக்காதீர்கள். மாவு தடவுவதானால் அனுமதி கேளுங்கள். வாடகை மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். சாங்க்ரான் வாரத்தை அங்கே 'ஏழு அபாய நாட்கள்' என்றே சொல்கிறார்கள். அத்தனை விபத்து. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே ஜாதி.

அதே சீலோம் சாலையில் ஒரு திருப்பத்தில் கோபுரம் தெரிந்தது. நம் ஊர்க் கோபுரம்! மாரியம்மன் கோயில். 1879-ல், பிழைக்க வந்த தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். கேக் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர். விருந்தாளி என்றும் அர்த்தம். உள்ளே கூட்டம் முக்கால்வாசி தாய்லாந்து ஜனங்கள். ஊரை விட்டுக் கப்பலேறி வந்தவனும் முதலில் செய்தது, ஊரிலிருந்த அம்மாவுக்கு இங்கே ஓர் இடம் பார்த்ததுதான்.

எனக்கென்னவோ அதற்குமேல் துப்பாக்கியைப் பிடிக்கத் தோன்றவில்லை. சீக்கிரம் அறைக்குத் திரும்பினேன்.

* * *

வரவேற்பு மேஜையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். தண்ணீரில் மல்லிகைப் பூ மிதந்தது. வாசனை தூக்கலாக இருந்தது.

"இதையும் மேல ஊத்துவீங்களா?" என்று என் பட்லர் இங்கிலீஷில் கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்தாள். அவளுடைய இங்கிலீஷும் என்னுடையது மாதிரிதான். ஆகவே நன்றாகப் புரிந்தது. இது தெருவில் அடிக்கிற தண்ணீர் இல்லை. பெரியவர்களின் உள்ளங்கையில் ஊற்றுகிற தண்ணீர். அப்பா அம்மாவை உட்கார வைத்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, மெதுவாக ஊற்றி, 'இந்த வருஷம் நான் செய்த தப்பை மன்னித்துவிடுங்கள்' என்று கேட்பார்களாம். அவர்கள் அந்த ஈரக் கையால் ஆசீர்வாதம் செய்வார்களாம். சாங்க்ரான் என்றால் அதுதான். துப்பாக்கியெல்லாம் பிறகு சேர்ந்தது.

"அதற்காகத்தான் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். பாங்காக்கே காலி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்பா அம்மாவைப் பார்க்க பாங்காக்கைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலி இடத்தை நிரப்ப, அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு நான் ஏரோப்ளேன் ஏறி வந்திருக்கிறேன்.

"நீ போகலையா?"

"எங்க ஊர் வடகிழக்கில். பஸ்ஸில் ஒரு ராத்திரி. இந்த வருஷம் லீவு கிடைக்கலை. அறை எல்லாம் ஃபுல்லாச்சே!"

'உங்களைப் போன்றவர்களால்' என்பதை அவள் சொல்லவில்லை. பிறகு என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உங்களுக்கு அப்பா இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

* * *

பதினான்காம் தேதி காலை. திட்டம் போட்டு வைத்திருந்தேன். நம் ஊர் ஒன்பது மணிக்கு, அதாவது அங்கே பத்தரைக்கு, அறைக்குள்ளிருந்து வெறும் போன். வீடியோ கிடையாது. நமஸ்காரம் சொல்லிவிட்டு, ஆடிட்டர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட வேண்டியது.

அதற்கு முன் பால் வாங்கிவரத் தெருமுனைக் கடைக்குப் போனேன். அதுதான் தப்பு. கடை வாசலில் ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் நாற்காலிமேல் ஏறி, பக்கெட்டோடு காத்திருந்தான். தலையிலிருந்து கால்வரை அபிஷேகம். கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது கழுத்துப் பையில் போன் அதிர்ந்தது. தண்ணீர் பட்ட விரலால் எதையோ அழுத்தினேன்.

வீடியோவில் அப்பா. தோளில் அங்கவஸ்திரம், நெற்றியில் விபூதி. பின்னால் என் பையன், கண்ணை உருட்டிக்கொண்டு.

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். தலையில் சொட்டும் தண்ணீர், கன்னத்தில் வெள்ளை மாவு, தோளில் மாட்டிய பச்சைக் கலர்த் துப்பாக்கி.

"ஏண்டா," என்றார் நிதானமாக. "ஆடிட்ல இவ்வளவு தண்ணியா?"

எனக்கு வாய் எழவில்லை.

"முந்தாநாளே தெரியும். உன் பிள்ளை ஏரோப்ளேன் போட்டோ காட்டினான். நல்லா இருக்கியா? சாப்பாடு ஒத்துக்கறதா?"

"ஒத்துக்கறதுப்பா."

"உன் ராசிக்கு வரவு ரெண்டு, செலவு பதினொண்ணு. இப்போ புரியறது, ஏன்னு!"

"அப்பா... நான் உங்ககிட்ட..."

"தலையைத் துவட்டிக்கோ. சளி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

* * *

அந்த வாரமே வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 18, புனித வெள்ளி. எக்செல்லின் காலண்டரில் இதுவும் சிவப்பு. இந்தத் தடவை டூர் கமிட்டி இல்லை, வாட்ஸ்அப் குரூப் இல்லை. ராத்திரி பஸ் பிடித்துக் கும்பகோணம் போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். நான் முன்னால் போய் சொம்பை எடுத்துக்கொண்டேன்.

"கையை நீட்டுங்கப்பா."

"இது என்ன புதுசா? குழாய் இருக்கே!"

"சும்மா நீட்டுங்களேன்."

ஒரு கைதான் எச்சில். ஆனால் இரண்டு கையையும் நீட்டினார். மெதுவாக ஊற்றினேன். மல்லிகைப் பூ கிடையாது. சொல்ல வேண்டிய வசனமும் தமிழில் வாய்க்கு வரவில்லை. கழுவி முடிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. சொம்பு காலியாகும் வரை அப்படியே நின்றோம். பிறகு அந்த ஈரக் கையை என் தலையில் ஒரு தடவு தடவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டார்.

"போதும். மோட்டார் ரிப்பேர். தண்ணியை வீணாக்காதே."

திண்ணைக்கு வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த ஆடிட் எங்கேடா?" என்றார்.

"முடிவு பண்ணலைப்பா. நீங்களும் வர்றீங்களா?"

வீட்ல கேட்டுச் சொல்றேன் என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை.

"நான் ரெடி" என்றார்.

இந்த ஒருவரை மட்டும் மூன்றால் வகுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். போனில் அங்கேயே பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் திறந்து பூர்த்தி செய்யத் தொடங்கினேன். பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர். குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்தபோது தாத்தா பெயரைப் போட்டேன்.

சுவர்ணபூமியில் இவரைத் தாத்தா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சண்டைக்குப் போகாமல் இருக்க வேண்டும்!